தனிமம் தேடிச் சேர்மம் கண்ட பி.சி. ராய்

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். மார்க்க அறிஞர்களைப் பற்றியும், பினாங்கில் கடை வைத்து முன்னுக்கு வந்த நம் முன்னோர்களைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பொலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கிவிட்டு அத்தாவின் மளிகை மொத்தக் கடைக்கு வந்தவன். அதனால் ஆய்வுக்கூடத்தையும் வியாபாரத்தையும் ஒன்றாக நடத்திக் காட்டிய ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் கல்கத்தாவின் ரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராய். இந்தியாவில் பி.சி. ராய் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். படிவம் நான்கிலும் ஐந்திலும் கெமிஸ்ட்ரி எடுத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது. அவர்கள் புத்தகத்தின் முதல் பாடங்களில் வரும் ஒரு விஷயம் இந்த மனிதரின் வாழ்க்கை முழுவதும் ஓடுகிறது.

ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி வங்காளத்தில் ராருளி என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் பங்களாதேஷில், குல்னா பக்கம் இருக்கிறது. அவர் பிறந்த சமயத்தில் நம் பினாங்கும் கல்கத்தாவிலிருந்துதான் ஆளப்பட்டது. 1867இல்தான் அது மாறியது. தகப்பனார் ஹரிச்சந்திர ராய் நிலபுலன் உள்ளவர். மௌலவி ஒருவரிடம் பார்சி மொழி கற்று, ஹாஃபிஸின் கவிதைகளை ரசித்துப் படித்தவர். வீட்டில் நல்ல நூலகம் வைத்திருந்தார். பிள்ளைகளின் படிப்புக்காகவே 1870இல் குடும்பத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்.

பதின்மூன்று வயதில் ராய்க்குக் கடுமையான சீதபேதி வந்தது. பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஏறக்குறைய இரண்டு வருஷம் வீட்டில் இருந்தபடி தகப்பனாரின் நூலகத்தைப் படித்துத் தீர்த்தார். வயிற்றுக் கோளாறும் தூக்கமின்மையும் கடைசிவரை அவரை விடவில்லை. அளவான சாப்பாடு, குறித்த நேர நடை என்று அவர் கட்டுப்பாடாக வாழ்ந்ததற்கு அந்த நோயும் ஒரு காரணம். பிறகு கல்லூரியில் படிக்கும்போதே யாரிடமும் சொல்லாமல் கில்கிரிஸ்ட் உதவித்தொகைப் பரீட்சைக்குத் தயார் செய்தார். அதில் தேறி 1882இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியைச் சொல்வதற்கு முன்னால், பாடத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ரசாயனம் படிக்காத பெரியவர்களும் இதைப் படிப்பார்கள் அல்லவா?

உலகத்திலுள்ள பொருள்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தனிமம், சேர்மம், கலவை. பள்ளியில் மலாயில் உன்சுர், செபாத்தியன், சம்பூரான் என்பார்கள். உன்சுர் அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். தங்கம், வெள்ளி, ஈயம், பாதரசம், கந்தகம் எல்லாம் தனிமங்கள். எந்த ரசாயன வேலை செய்தாலும் அவற்றை அதைவிட எளிய பொருள்களாகப் பிரிக்க முடியாது. தங்கத்தை உருக்கலாம், தகடாக அடிக்கலாம், ராஜதிராவகத்தில் கரைக்கலாம். கடைசியில் திரும்பி வருவது தங்கம்தான்.

கலவைக்கு நம் கடையிலேயே கறி மசாலா இருக்கிறது. மல்லி கூட, மிளகாய் குறைய, ஆளுக்கு ஒரு கைப்பக்குவம். எந்த அளவில் கலந்தாலும் அது மசாலாதான். உள்ளே மல்லி மல்லியாகவும் சீரகம் சீரகமாகவும் இருக்கும். பொறுமை இருந்தால் கையாலேயே பிரித்தெடுக்கலாம்.

சேர்மம் அப்படியல்ல. சமையல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பவை சோடியம், குளோரின் என்ற இரண்டு தனிமங்கள். சோடியம் தண்ணீர் பட்டால் சீறித் தீப்பிடிக்கும் உலோகம். குளோரின் மூச்சை அடைக்கும் விஷவாயு. இரண்டும் சேர்ந்தபின் அந்தக் குணங்களில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை; சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறோம். அளவும் மாறாது. தூத்துக்குடி உப்பளத்தில் விளைந்தாலும் ஐரோப்பாவில் சுரங்கத்தில் வெட்டி எடுத்தாலும், சுத்தமான உப்பு 100 கிராமில் சோடியம் 39 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், மீதி குளோரின். வியாபாரியாக எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. மசாலாவில் அளவைக் குறைத்து ஏமாற்றலாம். சேர்மத்தில் அளவு குறைந்தால் அந்தச் சேர்மமே உருவாகாது.

எடின்பரோவில் ராய் ஆராய்ந்தது இந்த எல்லைக்கோட்டைத்தான். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மயில்துத்தம், அன்னபேதி, வெள்ளைத் துத்தம், பேதியுப்பு இவையெல்லாம் ஒரே குடும்பம். முறையே செம்பு, இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் என்ற உலோகங்களின் சல்பேட்டுகள். இப்படிப்பட்ட சல்பேட்டுகளை ஒன்றாகக் கரைத்துப் படிகமாக்கினால் அழகான ஒரே படிகமாக வளரும். பார்வைக்கு ஒரே பொருள். உள்ளே அது புதிய சேர்மமா, அல்லது பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கலவையா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எடை போட்டு, பிரித்து, மறுபடி எடை போட்டுத்தான் சொல்ல முடியும். இந்த வேலைக்காக 1887இல் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது.

அவ்வளவு பெரிய பட்டத்துடன் 1888இல் ஊர் திரும்பியவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை இல்லை. கல்வித் துறையின் உயர்ந்த பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கென்று இருந்தன. நண்பர் ஜகதீஷ் சந்திர போஸின் வீட்டில் தங்கிக் காத்திருந்தார். 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியராக, மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். அதே தகுதியுள்ள ஓர் ஆங்கிலேயர் வந்திருந்தால் மேல் வரிசையில் ஏற்றிவிட்டிருப்பார்கள். ராய் மனுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கையில் இருந்த வேலையைத் தொடங்கினார்.

முதலில் எடுத்துக்கொண்டது நெய்யும் கடுகெண்ணெயும். கல்கத்தா கடைத்தெருவில் கலப்படம் மலிந்திருந்தது. கலப்படம் என்பதும் கலவைதான். ஆனால் சுத்தமான நெய் எப்படி இருக்கும் என்று இந்திய நெய்க்கு அளவுகோல் இல்லாதபோது, கலந்த நெய்யை எப்படிப் பிடிப்பது? அவர் தம் முன்னாலேயே பால் கறக்கச் செய்து வெண்ணெய் எடுத்து, தம் முன்னாலேயே கடுகை ஆட்டச் செய்து, அந்தச் சுத்தச் சரக்கைச் சோதித்துக் கணக்கெடுத்தார். சுமார் மூன்று வருஷ உழைப்பு. 1894இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அதை வெளியிட்டார். மளிகைக்காரர்களாகிய நாம் இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நினைக்கலாம்.

இதற்கிடையில் 1892இல் 700 ரூபாய் முதலீட்டில், வாடகை வீட்டில் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். கல்லூரி முடிந்து வந்து மாலையில் இந்த வேலை. அதுதான் பிறகு பெங்கால் கெமிக்கல்ஸ் என்று பேர் பெற்றது. அதன் ஆரம்ப நாள்களில் நடந்த எலும்புச் சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சோடியம் பாஸ்பேட் அப்போது சீமையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு வேண்டிய பாஸ்பரஸ் மாட்டெலும்பில் இருக்கிறது, எலும்பு கல்கத்தா கசாப்புக்கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. பிறகு ஏன் சீமைச் சரக்கு என்று யோசித்தார் ராய். கசாப்புக்காரர்களிடம் பச்சை எலும்பை வாங்கி வீட்டு மொட்டைமாடியில் காயப் போட்டார். எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த இறைச்சி அழுகி, புழு வைத்து, காக்கைக் கூட்டம் வந்து எலும்புகளைத் தூக்கி அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டது. சுற்றிலும் ஆசாரமான இந்துக் குடும்பங்கள். மாட்டெலும்பு முற்றத்தில் விழுந்தால் சும்மா இருப்பார்களா? சுகாதார அதிகாரியிடம் போவோம் என்று கூடிவிட்டார்கள். ராய் அவசரமாக எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே மாணிக்தலா பக்கம் கொண்டுபோய் இரவில் சூளை போட்டு எரித்தார். நள்ளிரவில் எலும்பு எரிவதைக் கண்ட போலீசுக்குக் கொலைச் சந்தேகம் வந்துவிட்டது! விளக்கிச் சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

மிஞ்சியது வெள்ளைச் சாம்பல். அதில் கந்தக அமிலம் சேர்த்து, பிறகு சோடா சேர்த்து, காய்ச்சி வடித்தபோது சோடியம் பாஸ்பேட் படிகம் கிடைத்தது. இந்த முழுப் பயணத்திலும் பாஸ்பரஸ் என்ற தனிமம் ஒரு தடவைகூட முகத்தைக் காட்டவில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். தனியாக எடுத்தால் வெள்ளைப் பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே எரியும், கடும் விஷமும்கூட. எலும்பில் கால்சியத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து நம் உடம்பைத் தாங்குகிறது. புட்டிக்குள் சோடியத்தோடு சேர்ந்து மருந்தாகிறது. தனிமம் ஒன்றே; யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சரக்கு வேறாகிறது.

சரக்குத் தயாரானாலும் விற்பது சுலபமாக இல்லை. உள்ளூர் மருந்தைக் கடைக்காரர்கள் நம்பவில்லை, வாடிக்கையாளர் சீமை லேபிள்தான் கேட்பார்கள் என்றார்கள். நண்பரும் டாக்டருமான அமுல்ய சரண் போஸ் கூட்டுச் சேர்ந்தபின் வழி திறந்தது. ராதா கோபிந்த கர் முதலான டாக்டர்கள் இந்த மருந்துகளை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஓமத் திரவம், ஆடாதொடை சிரப், நிலவேம்புச் சாறு என்று நாட்டு மூலிகைகளையும் தரம் மாறாமல் புட்டியில் அடைத்தார்கள். அமுல்ய சரண் 1898இல் பிளேக் நோயில் இறந்தது ராய்க்குப் பெரிய இடி. இருந்தும் நிறுவனத்தைக் கைவிடாமல் 1901இல் லிமிடெட் கம்பெனியாக்கினார்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869இல் அதுவரை தெரிந்த தனிமங்களை ஓர் அட்டவணையில் வரிசைப்படுத்தினார். சில கட்டங்களைக் காலியாக விட்டு, இங்கே வரவேண்டிய தனிமம் இனிமேல்தான் கண்டுபிடிக்கப்படும் என்று அறிவித்தார். 1875இல் காலியம், 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மானியம் என்று மூன்று கட்டங்கள் நிரம்பின. ஒவ்வொன்றையும் கண்டவர் உலகப் புகழ் பெற்றார். ராய்க்கும் அந்த ஆசை வந்தது. இந்தியப் புவியியல் துறையிலிருந்து அரிய கனிமங்களை வாங்கி, ஒவ்வொன்றாகக் கரைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புதுத் தனிமம் அகப்பட்டால் அது இந்தியாவின் முதல் தனிமமாக இருக்கும்.

அகப்படவில்லை. அவர் ஆசை வீணானது என்று சொல்ல மாட்டேன். அட்டவணையின் காலிக் கட்டங்களில் ஒன்றான ஹாஃப்னியம், பிறகு 1923இல் சிர்க்கான் என்ற கனிமத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டது. சிர்க்கான் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உண்டு. நம் பேராக்கில் ஈயம் அலசியபின் அமாங் என்று ஒதுக்கிக் குவித்தார்களே, அதிலும் உண்டு. காணாமல் போன தனிமம் நம் ஈய லம்பங்களின் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது.

கனிமங்களுக்கு நடுவில் ராய் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். கேலோமல் என்ற மருந்து செய்வதற்கு முதல் படியாகப் பாதரசத்தின் நைட்ரேட் உப்பு நிறைய வேண்டியிருந்தது. தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்தின் மேல் ஊற்றி வைத்தார். ஒரு நேரம் பார்த்தபோது பாதரசத்தின் மேல் மஞ்சள் நிறப் படிகங்கள் படிந்திருந்தன. வரவேண்டியது வெள்ளைப் படிகம். மஞ்சள் வந்தால் வேலை கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவதுதான் வழக்கம். அவரும் முதலில் அதை வழக்கமாக உண்டாகும் ஓர் உபரி உப்பு என்றே நினைத்தார். ஆனால் அவ்வளவு அமிலம் இருக்கும் இடத்தில் அந்த உப்பு உண்டாகக் கூடாதே என்று உறுத்தியது. எடுத்துச் சோதித்தார். அது மெர்க்குரஸ் நைட்ரைட்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பாதரசம், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த தனிமங்கள்தாம். ஆனால் பாதரசம் அந்த வடிவத்தில் நிலையில்லாதது. நைட்ரைட் என்ற பகுதியும் சட்டென்று சிதைவது. தனித்தனியே நிலைக்காத இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நல்ல படிகமாக நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆக்சிஜனின் அளவு நைட்ரேட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தக் கொஞ்சத்தில் நிறம் மாறி, குணம் மாறி, பேரும் மாறிவிட்டது. 1896இல் கட்டுரை வெளிவந்தது. லண்டனின் நேச்சர் இதழும் உடனே அதைக் குறிப்பிட்டது. ராய் கனிமங்களை ஓரமாக வைத்துவிட்டு நைட்ரைட்டுகளின் பின்னால் போனார். பல வருஷம் அதே வழியில் நடந்து, 1912இல் லண்டனில், அம்மோனியம் நைட்ரைட் சிதையாமல் ஆவியாகும் என்பதை அறிஞர்கள் முன் எடுத்துரைத்தார்.

தனிமங்கள் இயற்கையில் 90 சொச்சம்தான். அவற்றால் ஆகும் சேர்மங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. புதுத் தனிமம் கிடைத்திருந்தால் அவர் பேர் அட்டவணை வரலாற்றில் ஒரு வரியாக நின்றிருக்கும். சேர்மம் கிடைத்ததால் மாணவர் பரம்பரைக்கே வேலை கிடைத்தது. இது என் கணக்கு; வேறு விதமாகக் கணக்குப் போடுகிறவர்களும் இருக்கலாம்.

அவர் எழுதிய இந்து ரசாயன வரலாறு 1902இலும் 1909இலும் இரண்டு பாகங்களாக வந்தது. பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோ தூண்டியதால் பழைய ஏடுகளைத் தேடி எழுதியது. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் கறுப்புப் பொடியாகும். அதைப் புடம் போட்டு ஆவியாக்கிப் படிய வைத்தால் சிவப்பாகும். நம் சித்த வைத்தியர்களுக்கும் இது பழக்கமான வேலை. ஜாபிர் இப்னு ஹய்யான் பேரில் வழங்கும் அரபு நூல்கள், எல்லா உலோகங்களும் கந்தகமும் பாதரசமும் சேர்ந்து உண்டானவை என்றன. அன்றைய அறிவுக்கு அது நியாயமான எண்ணம்தான். தங்கம் ஒரு சேர்மமாக இருந்தால், சரியான சரக்குகளைச் சரியான அளவில் சேர்த்துத் தங்கம் செய்துவிடலாமே! நூற்றாண்டுக் கணக்கில் ரசவாதிகள் புகையில் கண் கெட்டது இந்த நம்பிக்கையால். தங்கம் தனிமம் என்று உறுதியானதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஆனால் அவர்கள் விட்டுப்போன காய்ச்சி வடித்தல், புடம், திராவகம் எல்லாம் வீண்போகவில்லை. நம் நாட்டின் பழைய ரசாயனக் கைத்திறனை ஏட்டிலிருந்து எடுத்து உலகத்துக்குக் காட்டியதுதான் ராய் செய்த வேலை.

1901ஆம் ஆண்டு இறுதியில் கல்கத்தாவுக்கு வந்த காந்தி, கோகலேயின் வீட்டில் தங்கியபோது ராயைச் சந்தித்தார். மாதம் 800 ரூபாய் சம்பளத்தில் தமக்கென்று 40 ரூபாய் வைத்துக்கொண்டு மீதியைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுக்கிறவர், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை என்று கோகலே அறிமுகப்படுத்தியதைக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1916இல் பிரசிடென்சியை விட்டுப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குப் போனபின், கல்லூரிக் கட்டடத்திலேயே மாடியில் ஓர் அறையில் குடியிருந்தார். ஏழை மாணவர்கள் சிலரும் அவரோடு இருந்தார்கள். மேகநாத் சாஹா, சத்யேந்திர நாத் போஸ், ஜே.சி. கோஷ் எல்லோரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். 1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது நிவாரண வேலையை அவரே தலைமை தாங்கி நடத்தினார். 1924இல் இந்திய ரசாயனக் கழகம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான்.

படித்த வங்காளிகள் குமாஸ்தா உத்தியோகத்துக்கு வரிசையில் நிற்கிறார்களே, கடையும் தொழிலும் வைக்கக் கூடாதா என்று ராய் ஊர் ஊராகப் பேசினார், பத்திரிகைகளில் எழுதினார். வெளியூரிலிருந்து வெறுங்கையோடு வந்து கல்கத்தாவில் வியாபாரம் செய்து நிமிர்ந்தவர்களை உதாரணம் காட்டினார். படித்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நம்மிடத்தில் இந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கிறது. கடைக்கு எதற்குப் படிப்பு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள், படித்தபின் எதற்குக் கடை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். காலையில் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் எலும்புச் சாம்பலைக் கிளறிய டி.எஸ்ஸி. பட்டதாரியிடம் இந்த இரண்டு கேள்விகளும் எடுபட்டிருக்காது.

1921இல் அறுபது வயது ஆனதிலிருந்து தம் சம்பளம் முழுவதையும் ரசாயனத் துறைக்கே விட்டுக் கொடுத்தார். 75 வயதில், 1936இல், ஓய்வு பெற்றார். 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, கல்லூரி மாடியில் அதே அறையில் காலமானார். பெங்கால் கெமிக்கல்ஸ் இப்போது இந்திய அரசாங்கத்தின் நிறுவனம். கல்கத்தா கடைகளில் அதன் பினாயிலும் பாச்சை உருண்டையும் இன்றைக்கும் கிடைக்கின்றன.